கோமதிநாயகம் வாயை மூடின நாப்பது நாள்

ஒரு ஊர்ல ஒரு பெரிய தொண்டை இருந்துச்சு. அந்தத் தொண்டைக்குச் சொந்தக்காரர் பேரு கோமதிநாயகம். டவுன் பூ மார்க்கெட்ல ஏலம் கூவுறவரு. அவரு ஒரு சத்தம் போட்டா பஸ் ஸ்டாண்டுல தூங்குறவன் எழுந்து உக்காந்துருவான். ம் போடு கண்ணு.

"ம்."

அவரு பொண்டாட்டி செண்பகவல்லி, ஆஸ்பத்திரியில நர்ஸ். தெனமும் விடியுறப்போ ரெண்டு பேரும் ஒரு பழைய கார்ல டவுனுக்குப் போவாங்க. ஓட்டுறது செண்பகவல்லி. எப்படி ஓட்டணும்னு சொல்றது கோமதிநாயகம். அவருக்கு ஓட்டத் தெரியுமா? சைக்கிள்கூடத் தெரியாது. ஆனா, "பிரேக்கைப் புடி! கியரை மாத்து! ஆரன் அடி!"ன்னு பதினோரு வருஷமா ஒரே கத்தல்.

அப்புறம் ஒரு நாள் தொண்டையில ஒரு கட்டி வந்துச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. "நாப்பது நாள் ஒரு வார்த்தை பேசக்கூடாது, முணுமுணுக்கவும் கூடாது. பேசினீங்கன்னா குரல் போனது போனதுதான்"னாரு டாக்டர். குரல் இல்லாம ஏலம் ஏது? மனுஷன் நடுங்கிட்டாரு. செண்பகவல்லியும் பயந்தா. அவரை விடக் கொஞ்சம் கம்மியா.

வீட்ல இருங்கன்னா கேக்கலை. தான் இல்லாம கார் எப்படிப் போகும்னு ஏறி உக்காந்துட்டாரு.

மொத நாள் ஒரு லாரி, 'பாம்ம்ம்'னு உரசுற மாதிரி வந்துச்சு. வாயைத் தெறந்துட்டாரு! சட்டுனு துண்டைச் சுருட்டி வாயில திணிச்சுக்கிட்டாரு. லாரி போயிருச்சு. காருக்கு ஒண்ணும் ஆகலை. அவருக்கே ஆச்சரியம்.

ரெண்டாம் நாள் ஆட்டு மந்தை. 'மே... மே...'ன்னு ரோடு பூராவும் ஆடு. முட்டியை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. செண்பகவல்லி பொறுமையா நின்னா. ஆடும் போச்சு, காரும் போச்சு. அப்போ அவருக்கு வருத்தமாப் போச்சு. பதினோரு வருஷமா நாம சொன்னது ஒண்ணுகூடத் தேவைப்படலை போலிருக்கேன்னு.

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

மூணாம் நாள் ரயில்வே கேட் சாத்தியிருந்துச்சு. செண்பகவல்லி இன்ஜினை அணைச்சா. கார் நிக்குது, சொல்றதுக்கும் ஒண்ணுமில்லை. சும்மா ஜன்னல் பக்கம் திரும்பினாரு. அங்க ஒரு குளம்! இது எப்போ வந்துச்சுன்னு யோசிச்சாரு. அவரு தாத்தா காலத்துலேருந்து அங்கதான் இருக்கு. தண்ணிக்குள்ள பனைமரம் தலைகீழா நிக்குது. கரையோரம் வெள்ளை வெள்ளையா நாரைங்க. ஒண்ணு எழும்புச்சு, அப்புறம் 'படபடபட'ன்னு எல்லாமும் எழும்பிருச்சு. இத்தனை வருஷம் கூடை கூடையா பூவுக்கு ஏலம் கூவியிருக்கோமே, ஒரு பூவையாவது நின்னு பாத்திருக்கோமான்னு நெனைச்சாரு. கண்ணு கலங்கிருச்சு.

"தொண்டை வலிக்குதாங்க?"ன்னா செண்பகவல்லி.

இல்லைன்னு தலையை ஆட்டினாரு.

அப்புறம் தெனமும் வேடிக்கைதான். மயிலு, மீன்கொத்தி, கம்பியில வரிசையா குருவி. நாப்பது நாள் ஓடியே போச்சு. டாக்டர் தொண்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "இனிமே பேசலாம்"னாரு.

மறுநாள் கார்ல ஏறினதும் செண்பகவல்லி ஸ்டீயரிங்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. கேட் பக்கம் வந்தப்போ அவரு கரகரன்னு, "செண்பகம்..."னாரு.

"என்ன, பிரேக்கா?"

"ஆமா. கொஞ்சம் நிறுத்து. குளத்தைப் பாரு."

"எந்தக் குளம்?"

பாவம், அவ எங்க பாத்தா? பதினோரு வருஷமா கண்ணு ரோட்டுல, காது இவரு கத்தல்ல. கத்தல் நின்ன பெறகும் கண்ணு ரோட்டுலேயேதான். நிறுத்தினா. குளத்துக்கு அந்தப் பக்கம் சூரியன் செக்கச்செவேல்னு மேல வந்துச்சு. ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம் லேட்டு. நல்லா திட்டு விழுந்துச்சு. சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டா.

"அப்புறம் அவரு கத்தவே மாட்டாரா?"

அதெப்படி? அதுக்கு மறுநாளே ஆரம்பிச்சுட்டாரு. "செண்பகம், நாரை! அந்தப் பக்கம் மயிலு! சீக்கிரம் பாரு! அய்யோ, பறந்துருச்சு, பாக்காம விட்டுட்டியே!"

"ரோட்டைப் பாக்கவா, நாரையைப் பாக்கவா? கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு வாங்க!"ன்னா செண்பகவல்லி.

அவரு மூடலை. நீயாவது கண்ணை மூடு. கதையும் அவ்வளவுதான், தூங்கு.