உன் இஷ்டம்

செங்கல்வராயன் முப்பது வருஷம் ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாரித்தவர். மனைவி போன பிறகு பூரணி அம்மாவின் ஆசிரமத்தில் வந்து சேர்ந்தார். குருவுக்கு வயது நாற்பத்தைந்து, சீடருக்கு எழுபத்திரண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, அவருடைய அகராதிப் புத்தி ஓய்வு பெறவில்லை.

அன்று மதியம் பூரணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, 'அலவ்'னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அனுமதிக்கிறதுன்னு அர்த்தம். அதுக்கு லத்தீன்ல ரெண்டு வேர். ஒண்ணு பாராட்டுறது, இன்னொண்ணு இடம் ஒதுக்கிறது. அனுமதிக்கும் பாராட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"இதை ஏன் இன்னைக்குக் கேக்குறீங்க?"



"நாளைக்கு என் சம்சாரத்தோட வருஷத் திதி. என் பொண்ணு தமயந்தி, நான் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம்னுட்டு வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டா. ஒன்பது வருஷம் பேச்சில்ல. அவ அம்மா படுக்கையில கிடந்தப்போ போன் பண்ணினா. 'அம்மாவைப் பார்க்க வரட்டுமாப்பா?'ன்னா."

"என்ன சொன்னீங்க?"

"உன் இஷ்டம்னேன். நான் தடுக்கலையே! ஆனா அவ வரலை. அவ அம்மா வாசலையே பார்த்துக்கிட்டுக் கண்ணை மூடிட்டா. ஏம்மா வரலை?"

பூரணி அம்மா அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஊருக்குக் கிளம்பினாலும் குருவிடம் உத்தரவு கேட்பார்கள். அவர் கைவேலையைப் போட்டுவிட்டு வாசல்வரை கூடவே வந்து, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று வழியனுப்புவார். ஒருவருக்கும் அது தவறியதில்லை.

மூன்றரை மணிக்குச் செங்கல்வராயன் பையோடு வந்து நின்றார்.

"நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பறேன். உத்தரவு கொடுங்கம்மா."

பூரணி அம்மா கீரையிலிருந்து நிமிரவில்லை.

"உங்க இஷ்டம்."

செங்கல்வராயன் கொஞ்சநேரம் நின்று பார்த்தார். கேட் வரை போனார். திரும்பிப் பார்த்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார், எடுத்தார். பஸ் வந்து, ஹாரன் அடித்து, போயே போய்விட்டது. அவர் திரும்பி வந்தார்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாம்மா?"

"உங்களைப் போக வேண்டாம்னு சொன்னேனா?"

"இல்ல."

"கேட்டைப் பூட்டினேனா?"

"இல்லம்மா. ஆனா..."

பை கையிலிருந்து நழுவியது. தரையில் அப்படியே உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார். பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டார். பூரணி அம்மா தடுக்கவில்லை.

அவர் அழுது ஓய்ந்ததும் பூரணி அம்மா எழுந்தார். அவர் பையைத் தானே எடுத்துக்கொண்டு, கேட்டையும் தாண்டிப் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். அடுத்த பஸ் வரும்வரை வெயிலில் நின்றார்.

"நல்லபடியா போயிட்டு வாங்க, ஐயா. திதிக்குப் பொண்ணையும் வாயாரக் கூப்பிடுங்க."

செங்கல்வராயன் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"கூப்பிட்டா வருவாளாம்மா?"

"அது அவங்க இஷ்டம்."