சமனியை எடுத்துவிட்டால்

“அவனை ஏன் மேடம் எடுக்கணும்? யாருக்கு என்ன கெடுதல் பண்ணினான்?”

இருதயராஜ் சார் இப்படிக் கொதித்தது ஓர் ஆளுக்காக அல்ல. ஒரு புள்ளிக்காக.

பேராசிரியர் செண்பகவல்லி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குரு அவர்தான். சீடருக்கு அவரைவிட வயது மிக அதிகம். மேல்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார். ஓய்வு பெறுவதற்குள் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று பகுதிநேர ஆய்வில் சேர்ந்தவர். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்பது அந்தக் கணிதத் துறையின் பியூனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

ஆய்வு இதுதான்.

அட்டையில் ஒரு முக்கோணம் வெட்டிக்கொள்ளுங்கள். மூன்று பக்கமும் சமமாக இருக்கட்டும். அதைச் சுழற்றலாம், கவிழ்க்கலாம், சும்மாவும் விடலாம். இந்தச் செய்கைகளின் கூட்டத்துக்குக் கணக்கில் குலம் என்று பெயர். சும்மா விடுவதும் ஒரு செய்கைதான். அதற்குச் சமனி என்று பெயர்.

ஒவ்வொரு செய்கைக்கும் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டில் எதை முதலில் செய்தாலும் முடிவு ஒன்றாகவே வந்தால், அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. முன்பின் மாற்றியதும் முடிவு மாறினால் கோடு கிடையாது. வந்துவிட்டது கோட்டுரு. யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்துவிடும்.

இருதயராஜ் சார் கண்டுபிடித்தது இது: எந்தக் குலத்தை எடுத்தாலும் சரி, எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் இரண்டு கோட்டுக்குள் போய்விடலாம். பிரிந்து கிடக்கிற குலமே உலகத்தில் இல்லை!

பள்ளிக்கூடத்தில் லட்டு கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மேடத்தை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாயிற்று. ஆய்வுக்கான பதிவுக்காலம் முடியப்போகிறது. இந்த ஒரு முடிவை நம்பித்தான் ஆய்வேடே நிற்கிறது.

மேடம் கேட்டது ஒரே கேள்வி.

“யார் வழியா போறீங்க சார்?”

“சமனி வழியா.”

“அவனை எடுத்துட்டு வரைஞ்சு பாருங்க.”

அதே முக்கோணத்துக்கு வரைந்தார். சுழற்சிகள் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. கவிழ்ப்புகள் மூன்றும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தத் தாளோடுதான் இப்போது வந்திருக்கிறார்.

“எல்லாரோடயும் ஒத்துப்போறவன் மேடம் அவன். முந்தி வந்தாலும் சரிம்பான், பிந்தி வந்தாலும் சரிம்பான். அவனால எதுவும் மாறாது.”

“ஆமா.”

“அப்படிப்பட்டவனைப் போய் எடுக்கச் சொல்லுதீங்களே!”

“அப்படிப்பட்டவன்ங்கிறதாலதான் சார். எல்லாத்துக்கும் சரிங்கிறவன் வழியா போனா, மத்தவங்களைப் பத்தி ஒண்ணும் தெரியாது.”

இருதயராஜ் தாளை மேடத்தின் முன்னால் நீட்டினார்.

“அவன் இருந்தா எல்லாம் சேந்திருக்கு. எடுத்தா சிதறுது. அப்போ சேத்து வச்சிருக்கது அவன்தானே?”

“எப்போ சிதறுச்சு?”

“அவனை எடுத்தப்போ.”

“அப்படியா?” என்றார் செண்பகவல்லி.

அப்படித்தானே? இல்லையா? இருதயராஜுக்கு எரிச்சல் வந்தது. ஒரு நல்ல பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தச் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு.

“என் வீட்டையே எடுத்துக்கோங்க மேடம். மாடியில பெரியவன், கீழ என்கூட சின்னவன். அவங்க அம்மா போன பிறகும் ஒரு சத்தம் வந்தது கிடையாது. ஒத்துமைன்னா அப்படி ஒரு ஒத்துமை. அதெல்லாம் எடுத்துப் பாத்தா தெரியுற விஷயமா?”

செண்பகவல்லி டஸ்டரைக் கீழே வைத்தார்.

“ஞாயித்துக்கிழமை வாரேன் சார்.”

“கண்டுபிடிப்புதான் போச்சே. இனிமே எதுக்கு விருந்து?”

“கோழிக்குச் சொல்லியாச்சுல்ல?”

சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சமையலும் இருதயராஜ் சார்தான். மேசையில் நடுநாயகமாக உட்கார்ந்தார். வலப்பக்கம் பெரியவன் விக்டர், இடப்பக்கம் சின்னவன் சேவியர், எதிரே மேடம்.

பேச்சுக்குக் குறைவில்லை.

“அப்பா, காலையிலேயே மோட்டாரைப் போட்டா என்ன? மேல தண்ணி ஏற மாட்டேங்குது” என்றான் விக்டர்.

“சரிதாம்டா” என்றார் இருதயராஜ்.

“அப்பா, அந்தச் சத்தத்துல மனுசன் தூங்க வேண்டாமா?” என்றான் சேவியர்.

“அதுவும் சரிதாம்டா.”

இரண்டு பேருக்கும் கோழி வைத்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பார்த்தீர்களா என்பதுபோல மேடத்தைப் பார்த்தார். வயிறு நிறைந்ததோ இல்லையோ, அவருக்கு மனசு நிறைந்திருந்தது.

விருந்துக்கு வந்தவர் ரசத்துக்கு முன்னால் எழுந்திருப்பது மரியாதை இல்லை. செண்பகவல்லி எழுந்தார்.

“கை எங்க கழுவணும் சார்?”

“அதுக்குள்ளயா? கோழி பிடிக்கலையா மேடம்?”

எச்சில் கையோடு பதறிப்போய்ப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். குழாயைக் காட்டினார். மேடம் கை கழுவினார். கழுவியவர் உள்ளே போகவில்லை, சமையலறை ஜன்னலோரமாக நின்றார். ஏன் நிற்கிறார் என்று தெரியாமல் இருதயராஜும் பக்கத்தில் நின்றார்.

ஜன்னல் வழியே மேசை தெரிந்தது.

விக்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். சேவியர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மின்விசிறி மட்டும் சுற்றியது.

“சாப்பாட்டு மும்முரம்” என்றார் இருதயராஜ்.

மேடம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. நடுவில் இருந்த காலி நாற்காலியை இரண்டு பேருமே திரும்பிப் பார்க்கவில்லை.

“இவ்வளவு நேரமும் நல்லாத்தானே மேடம் பேசிக்கிட்டிருந்தானுவ?”

“யார்கிட்ட சார்?”

இருதயராஜுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. அது யார்மேல் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

“அப்பா! ரசம் எங்கப்பா இருக்கு?”

சேவியர்தான் கூப்பிட்டான். ரசம் விக்டரின் முழங்கைப் பக்கத்திலேயே இருந்தது. விக்டர் நிமிரவில்லை.

இருதயராஜின் கால் தானாகப் பின்வாசற்படியில் ஏறியது. மேடம் தடுக்கவில்லை, வெறுமனே பார்த்தார். கால் அங்கேயே நின்றது.

“அப்பா! இருக்கீங்களா, இல்லையா?”

இருதயராஜ் மேடத்தின் பக்கம் சாய்ந்து, காதோடு கேட்டார்.

“இல்லைன்னு சொல்லிரட்டுமா?”

“சொன்னா, இருக்கீங்கன்னு ஆயிடும் சார்.”