விட்டு விட்டுப் போட்ட கோடு

வடக்கே, கோடையிலும் மண்ணுக்கடியில் பனி உறைந்தே கிடக்கும் சீமையில், ஆற்றங்கரை வீடொன்றில் இரண்டு நிலவரைபடங்கள் ஒரே பெட்டிக்குள் குடியிருந்தன. இரண்டும் காட்டியது ஒரே ஆற்றைத்தான். மூத்தது, நிலம் அளக்க வந்த ஒருவர் நடந்து பார்த்து வரைந்தது. இளையது, நகரத்து அலுவலகத்தில் அதைப் பார்த்து எடுத்த நகல்.

அந்த வீட்டுக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிகிறது. இடது கிளை ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு மருத்துவமனை இருக்கும் ஊருக்குப் போகும். படங்களின்படி வலது கிளை, அதே ஊருக்குப் பக்கத்தில் வந்து சேரும் குறுக்கு வழி. ஆனால் மூத்த படத்தில் அது பாதிக்கு மேல் விட்டு விட்டுப் போட்ட கோடாகவே இருந்தது. பார்க்க நன்றாயில்லை என்று நகலெடுத்த பேனா அதை ஒரே இழுப்பில் சேர்த்துவிட்டது.

"என்ன பெரியவரே, பாதி ஆத்துல மை தீந்துபோச்சா?" என்று இளைய படம் சீண்டியது.

"மை இருந்தது தம்பி. பனி வழியை மறிச்சதால என்னை வரைஞ்சவர் அங்க போகலை. முடிச்சிடலாம்னு பேனா வரைக்கும் கை போச்சு. பார்க்காத இடத்தை எப்படி முழுசாப் போடுறதுன்னு கையை எடுத்துக்கிட்டார்."

"சாமர்த்தியம் போதாது!"

மூத்த படத்துக்குச் சுருக்கென்றது. சுருண்டு படுத்துக்கொண்டது.

அந்த வீட்டில் புதிதாகக் குடியேறியிருந்தவர்கள் நியூர்குனும் அவன் மனைவி துயாராவும். ஆற்றோரம் உறையத் தொடங்கியிருந்த ஒரு நாள் அவர்கள் மகள் சர்தானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. நியூர்குன் இளைய படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படகுக்கு ஓடினான். துயாரா கைக்குக் கிடைத்த மூத்த படத்தில் கருவாட்டைச் சுற்றி எடுத்துக்கொண்டாள். மானம் கப்பலேறினாலும் படகில் இடம் கிடைத்ததே என்று அது மனதைத் தேற்றிக்கொண்டது.

ஆறு பிரியும் இடம் வந்தது.

"வலது பக்கம் திருப்புறேன். சீக்கிரம் போயிடலாம்" என்றான் நியூர்குன்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுத் துடுப்பு போடுங்க" என்று துயாரா பொட்டலத்தைப் பிரித்தாள். மூத்த படம் இருந்த தெம்பையெல்லாம் கூட்டி மடிப்பை விரித்துக் காட்டியது. அவள் கை அப்படியே நின்றது.

"இங்க பாருங்க, இதுல கோடு விட்டு விட்டு இருக்கு."

"அது பழசு. புதுசுல முழுசா இருக்கே?"

"புதுசோட மூலையில 'பழைய படத்தைப் பார்த்து வரைந்தது'ன்னுதானே போட்டிருக்கு? நடுவுல யாரு போய்ப் பார்த்தாங்க?"

நியூர்குன் துடுப்பை நிறுத்தி யோசித்தான். வலது பக்கம் போய் வழி இல்லாவிட்டால் நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி வரவேண்டும். அதற்குள் ஆறு உறைந்துவிடும். பிள்ளை முனகினாள்.

"இடது பக்கமே போங்க. சுத்தினாலும் போய்ச் சேரும்" என்றாள் துயாரா.

ஊர் நெருங்கியபோது, வலது கிளை வந்து சேரவேண்டிய இடத்தைத் தாண்டினார்கள். அங்கே பாசியும் குட்டைப் புதரும்தான் இருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. நியூர்குன் அதை ஒரு முறை திரும்பிப் பார்த்தான். துடுப்பை வேகமாகப் போட்டான். அன்றே மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்து பிள்ளையைக் காப்பாற்றினார்கள்.

ஆறு உறைந்த பிறகு சறுக்குவண்டியில் வீடு திரும்பினார்கள். துயாரா முதல் வேலையாக இரண்டு படங்களையும் விரித்து, சின்னக் கத்தியால் இளைய படத்தின் மையைச் சுரண்டினாள். வலது கிளையில், தாங்கள் கண்ட கீழ்முனையை முழுதாக அழித்தாள். காணாத நடுப்பகுதியில் இடையிடையே இடைவெளி விட்டாள்.

"ஐயோ! என்னைச் சிதைக்கிறாளே!" என்று இளைய படம் அலறியது.

இன்னும் கருவாட்டு வாடை போகாத மூத்த படம் மெல்லச் சொன்னது:

"சிதைக்கலை தம்பி. இனிமேதான் உன்னை நம்பிப் படகு எடுக்கப்போறா."