வளைவுக்கு முன்னால் நின்ற சப்பரம்

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் தங்கிப் படிக்கும் சிறப்புப் பள்ளியில் ஆயாவாக ஊழியம் செய்தவர் மாராத்தாள் அம்மையார். அவருடைய பூசைக்கு மணியும் தட்டும் கிடையாது; கிண்ணமும் கரண்டியும்தான். குழைத்த சோற்றை ஒரு கரண்டி எடுப்பார், "முருகா" என்பார், ஊட்டுவார். குழந்தை விழுங்கும் வரை அசைய மாட்டார். அவசரப்பட்டால் புரையேறும். ஆகவே சிறுமி சஞ்சிதாவின் ஒரு வேளைச் சோறு, பெரிய மனிதர்களின் தலைமையுரையை விடச் சற்றே நீளமானது, பயனும் உள்ளது.

பங்குனி உத்திரத்துச் சப்பரம் பள்ளி வாசல் வழியாகப் போகும். அப்போது சூடம் காட்டி முருகனை ஒரு கண் பார்ப்பதுதான் அம்மையாரின் ஒரே ஆசை. ஓர் ஆண்டும் தவறியதில்லை.

இந்த ஆண்டு சஞ்சிதா காய்ச்சலில் மெலிந்து போனாள். கரண்டியைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொண்டாள். இப்படியே போனால் மூக்கில் குழாய் போட வேண்டும் என்றார் டாக்டர். உத்திரத்தன்று நண்பகலில், தெருமுனையில் மேளம் கேட்ட நேரம் பார்த்து, அவள் வாயைத் திறந்தாள்.

"ஏக்கா, சாமி வந்திருச்சு. கரண்டிய வெச்சுட்டு வா. சோறு எங்க ஓடியா போயிருது?" என்றாள் சமையல்காரி ரங்கநாயகி.

"புள்ள இப்பத்தான் வாயத் தொறந்திருக்குது, அம்மிணி. எனக்கும் சேத்துக் கும்புட்டுட்டு வா."

"வருசமெல்லாம் முருகா முருகான்னுட்டு, அவன் வாசலுக்கு வாரப்ப முதுகக் காட்டறே. நல்ல பக்தி போ."

அம்மையாருக்குக் கண் கலங்கியது. "முருகா" என்று அடுத்த கரண்டியை எடுத்தார்.

வெளியே சப்பரம் திடீரென்று நின்றது. விழாக் குழுத் தலைவர் திருமலைசாமி, பள்ளி வாசலை ஒட்டி வரவேற்பு வளைவு ஒன்று எழுப்பியிருந்தார். அதில் தலைவர் பெரிதாகச் சிரித்தார். முருகன் ஒரு மூலையில் ஸ்டாம்பு அளவில் இருந்தான். தன் முகம் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று வளைவைத் தாழ்வாகக் கட்டச் சொன்னவரும் தலைவரே. சப்பரத்தின் கலசம் நேராகப் போய் அவர் மூக்கில் இடித்தது.

"சாமியக் கொஞ்சம் சாய்ச்சுக் கொண்டு போங்கப்பா," என்றார் தலைவர்.

"சாமி சாய மாட்டாருங்க. உங்களத்தான் எறக்கணும்," என்றார் குருக்கள்.

ஏணி தேடினார்கள். ஏணி கிடைத்ததும் வளைவைக் கட்டியவனைத் தேடினார்கள். அவ்வளவு நேரமும் பெருமான் வெயிலில், பள்ளி வாசலிலேயே நின்றார்.

உள்ளே கிண்ணம் காலியாயிற்று. கடைசி வாயை விழுங்கும் வரை இருந்து, முகம் துடைத்துவிட்டு, சஞ்சிதாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார் அம்மையார். சப்பரம் போன திசையையாவது கும்பிடலாம் என்று எண்ணித்தான் வந்தார். பார்த்தால், எதிரே முருகன்.

கையில் சூடம் இல்லை. "சாப்ட்டுட்டா, சாமி," என்றார்.

குருக்கள் சாமியின் மாலையைக் கழற்றினார். பழக்கதோஷத்தில் நீண்ட தலைவரின் கைகளைத் தாண்டி, அதை அம்மையாரிடம் கொடுத்தார். அம்மையார் அதைச் சஞ்சிதாவின் மடியில் வைத்தார். அவள் சிரித்தாள். தலைவரின் படம் தரையிறங்க, சப்பரம் நகர்ந்தது.

வளைவு தட்டியதால் சப்பரம் நின்றது என்கிறது ஊர். இருக்கட்டும். பிள்ளை சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்து நின்றவனையும், அவனைக் காக்க வைத்த மாராத்தாள் அம்மையாரின் கரண்டி பிடித்த கையையும் வணங்குகிறோம்.