அப்பாவுக்குப் படித்துக் காட்டிய கட்டுரை

“என் வாழ்க்கையில கஷ்டமே வரலைங்க மிஸ். நான் எதை எழுதறது?”

வந்து உட்கார்ந்ததுமே கோகிலவாணி தன் புதுக் குருவிடம் கேட்டது இதுதான்.

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். ஜெஸிந்தாவுக்கு வயது இருபத்தெட்டு. சிஷ்யை அவளைவிட மூன்று வயது மூத்தவள். நாமக்கல்லில் ஒரு டயர் கடையின் மாடியில், எம்.பி.ஏ. கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஜெஸிந்தா சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தாள் என்பதே அதிகம். பெரும்பாலும் எழுதியதைத் திருப்பித் தருவாள்.

“கஷ்டம் எதுக்கு?”

“சென்னையில ஒரு கன்சல்டன்ட் சொன்னாருங்க. கண்ணீர் இருந்தாத்தான் சீட்டாம். அவரே எழுதியும் குடுத்துட்டாரு.”

ஜெஸிந்தா வாங்கிப் படித்தாள். அதில் கோகிலவாணி தெருவிளக்கின் அடியில் உட்கார்ந்து படித்தாள். அவளுடைய அப்பா நாச்சிமுத்து பட்டினி கிடந்து மகளுக்குப் புத்தகம் வாங்கினார்.

“தெருவிளக்கா?”

“எங்க வீட்டுல ஜெனரேட்டரே இருக்குதுங்க.”

“அப்பா?”

“அறுபது லாரி ஓடுதுங்க. பட்டினியெல்லாம் சஷ்டிக்கு மட்டுந்தான்.”

ஜெஸிந்தா சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

“இங்க ஒரே ஒரு சட்டம்தான். கட்டுரையில யார் வர்றாங்களோ, அவங்க முன்னாடி படிச்சுக் காட்டின பிறகுதான் அனுப்பணும். அப்பாவுக்குப் போன் போடுங்க. இதைப் படிச்சுக் காட்டுங்க.”

கோகிலவாணி போனைத் தொடவில்லை.

“ஐயோ, வேண்டாங்க. ஆடித் தீர்த்துருவாரு.”

“பொய் சொன்னதுக்கா?”

“ஏழைன்னு சொன்னதுக்கு.”

ஜெஸிந்தா தாளைத் திருப்பித் தந்தாள்.

அடுத்த வாரம் கோகிலவாணி இரண்டாவது கட்டுரையோடு வந்தாள். இதில் ஒரு பொய்கூட இல்லை என்று சத்தியம் செய்தாள். உண்மைதான். உலகளாவிய பார்வை இருந்தது, தலைமைப் பண்பு இருந்தது, சமுதாய மாற்றமும் இருந்தது. யார் வீட்டிலும் நடக்காத விஷயங்கள், ஆகவே பொய் என்று யாரும் சொல்ல முடியாது.

ஜெஸிந்தா முழுவதும் படித்தாள். பிறகு பேனாவை எடுத்து, மேலே இருந்த கோகிலவாணியின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள்.

“என்னங்க மிஸ் பண்றீங்க?”

“எனக்கும் சரியா இருக்கு. நானே அனுப்பிக்கறேன்.”

கோகிலவாணிக்குச் சுர்ரென்று ஏறியது.

“கஷ்டத்த எழுதினா பொய்ங்கறீங்க. நல்லதா எழுதினா உங்க பேரைப் போட்டுக்கறீங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம். உங்களுக்கு என்ன வேணும்?”

“சீட்டு.”

“எதுக்கு?”

“படிக்கத்தான்.”

“படிச்சு?”

“கம்பெனியப் பார்த்துக்க.”

“இப்ப யார் பார்த்துக்கறாங்க?”

 கோகிலவாணி கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“ஆறு வருசமா நான்தானுங்க பார்த்தேன்! நாக்பூர்ல வண்டி நின்னா எனக்குத்தான் போன் வரும். எந்த டிரைவர் பொண்டாட்டிக்கு எப்பப் பிரசவம்னு எனக்குத் தெரியும், அதுக்குத் தகுந்தாப்பலதான் லோடு போடுவேன். போன ஆயுத பூஜை. சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சாச்சு, டிரைவருங்க எல்லாரும் நிக்கறாங்க. அப்பா ஆபீஸ் சாவியத் தாம்பாளத்துல வச்சு, தம்பி தரணி கையில குடுத்துட்டாரு. அவனுக்கு நாக்பூர் எந்தத் திசையில இருக்குதுன்னுகூடத் தெரியாதுங்க. நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ கண்ணுன்னு எனக்குச் சமாதானம் வேற. அன்னைக்கு அந்தத் தாம்பாளத்தக் கழுவி வச்சதும் நான்தான்.”

ஜெஸிந்தா பேனாவைக் கீழே வைத்தாள்.

“அந்த ஆபீஸ் நாற்காலி எனக்கு வேணும். குடுக்கலீன்னா எதிர்த்தாப்பலயே ஆபீஸ் போட்டு ஓட்டிக் காட்டுவேன். போதுங்களா?”

“அதுக்குப் படிப்பு எதுக்கு? ஆறு வருஷம் படிக்காமத்தானே ஓட்டினீங்க?”

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. கோபம் இறங்கிவிட்டது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

“முட்டைப் பவுடர் ஏத்துமதி பண்ற கம்பெனி ஒண்ணு வந்துதுங்க. பெரிய ஆர்டர். மூணு வருசத்துக்கு எப்படி வண்டி குடுப்பீங்க, திட்டம் போட்டுக் காட்டுங்கன்னாங்க. நாளைக்கு எந்த வண்டி எங்க போகும்னு கேட்டாத் தூக்கத்துலயும் சொல்லுவேன். மூணு வருசம்னதும் பேந்தப் பேந்த முழிச்சேன். ஆர்டர் வேற ஆளுக்குப் போயிருச்சு.”

“அப்பா என்ன சொன்னார்?”

“அவருக்குத் தெரியாதுங்க. ரேட்டு கட்டுபடியாகலைன்னு சொல்லிட்டேன்.”

ஜெஸிந்தா பேனாவை அவள் பக்கம் நீட்டினாள்.

“இதையா எழுதச் சொல்றீங்க? நாற்காலி, தாம்பாளம், நான் முழிச்சது எல்லாத்தையுமா?”

ஜெஸிந்தா தலையசைத்தாள்.

“எழுதினா சீட்டுக் கிடைக்குங்களா?”

“தெரியாது.”

“நல்ல குருங்க நீங்க,” என்றாள் கோகிலவாணி. ஆனால் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அனுப்பக் கடைசி நாள் வந்தது. சாயங்காலம் அவள் லேப்டாப்போடு லாரி ஆபீசுக்குப் போனாள். தரணி நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். ஆபீஸ் சாவியை மேசைமேலேயே விட்டுப் போயிருந்தான். நாச்சிமுத்து மேசைக்கு எதிரில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, காலேஜுக்கு ஒண்ணு எழுதியிருக்கேன். நீங்க அதுல வர்றீங்க. கேளுங்க.”

“நானா?” அவருக்குச் சந்தோஷம். பேப்பரை மடித்தார்.

இங்கிலீஷில் எழுதியதை அவள் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். டிரைவர்கள், நாக்பூர் வரைக்கும் அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தாம்பாளம் வந்ததும் தலை நின்றது. முட்டைப் பவுடர் வந்ததும் நிமிர்ந்தார்.

“ரேட்டு கட்டுபடியாகலைன்னு சொன்னியே?”

“பொய் சொன்னனுங்கப்பா. எனக்குத் தெரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துது.”

கடைசி வரைக்கும் படித்து முடித்தாள். 

“இதையா அனுப்பப் போறே?”

“ஆமாங்கப்பா.”

“முன்னப் பின்னத் தெரியாதவங்க படிப்பாங்க கண்ணு.”

“படிக்கட்டுங்கப்பா.”

“உன்ர பொய்ய எழுதிக்க, அது உன்ர இஷ்டம். அந்தத் தாம்பாளத்த மட்டும் எடுத்துரு.”

“அது நடந்ததுங்கப்பா.”

 அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கோபமா, அவமானமா என்று அவருக்கே பிடிபட்டிருக்காது. பிறகு மேசைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

“இந்தா. நாளையிலருந்து நீயே உட்காரு. தரணிகிட்ட நான் பேசிக்கறேன். இதை மட்டும் அனுப்பாதே.”

அவள் கை முன்னால் போய்விட்டது, பாதியில்தான் நிறுத்தினாள். ஆயுத பூஜையிலிருந்து தினமும் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். வேறு எதற்காக இத்தனை பாடு?

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“மிஸ், அப்பா சாவியக் குடுக்கறேங்கறாரு! கட்டுரைய அனுப்ப வேண்டாங்கறாரு. எனக்கு வேணுங்கறதே கையில வருது. இப்ப நான் என்ன பண்ணட்டும்?”

ஜெஸிந்தா போனைத் துண்டித்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட்டாள். ஜெஸிந்தா எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். போன் அணைக்கப்பட்டிருந்தது.

பாவி என்று வாய்விட்டே திட்டினாள். இப்படி ஒரு குரு வாய்த்தாளே என்று அழுகையே வந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

கட்டுரையை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தாள். ஒரு வரியையும் மாற்றத் தோன்றவில்லை.

“என்ன முடிவு பண்ணுனே?” என்றார் நாச்சிமுத்து. நீட்டிய கையை அவர் இன்னும் மடக்கவில்லை.

கோகிலவாணி பொத்தானை அழுத்தினாள். கட்டுரை வந்து சேர்ந்ததாகத் திரையில் பச்சையில் எழுத்து வந்தது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

எழுந்து நின்று கையை நீட்டினாள்.

“இப்பக் குடுங்கப்பா.”