பன்னிரண்டாவது சாவு

குருகுலம் என்றதும் ஆலமரம் தேட வேண்டாம். இது கோவை பீளமேட்டில், டயர் கடைக்கு மேல்மாடி. வீடியோ கேம் செய்கிறார்கள். குரு பூங்கோதைக்கு வயது முப்பத்தொன்று. சீடர் வில்சனுக்கு நாற்பத்தாறு. சாஸ்திரத்தில் இதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை.

வில்சன் எட்டு மாதம் உழைத்து ஒரு பூதம் செய்திருந்தார். அது கோடரியால் தலையை வெட்டும். ரத்தம் திரையெல்லாம் வழியும்.

"மேடம், ரொம்பக் கொடூரமா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படியா?"

"விளையாடறவரைக் கேப்போம். பாதியில எந்திரிச்சுப் போயிட்டார்னா பூதத்தை எடுத்துடலாம்."

வில்சன் தன் மடிக்கணினியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பரோட்டா மாஸ்டர் அன்வர் வந்தார். ஓய்வு நேரமெல்லாம் விளையாட்டே கதி என்று இருப்பவர். பூங்கோதை திரைக்கு முதுகைக் காட்டி, அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

தலை உருண்டது.

"ச்சே, நாந்தான் அவசரப்பட்டுட்டனுங்க. இன்னொருக்கா."

மறுபடி உருண்டது.

"குனிஞ்சிருக்கோணும். இன்னொருக்கா."

பதினோரு தடவை செத்தார். பதினோரு தடவையும் தன்னையே திட்டிக்கொண்டார். ஏழாவதில் மட்டும், ஏனோ, மாமனாரை.

"புடிச்சிட்டனுங்க! அது மூச்சு இழுத்த பொறகுதான் கோடரி வருது!"

பன்னிரண்டாவது ஆட்டத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் விலகினார். பூதம் விழ இன்னும் ஓர் அடிதான் பாக்கி.

அதை யாராலும் வெல்ல முடியாது என்று வில்சன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஓடும் ஆட்டத்தைத் தன் மடிக்கணினியிலிருந்தே அவரால் மாற்ற முடியும். மூச்சுக்கும் கோடரிக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பூஜ்யமாக்கினார்.

தலை உருண்டது.

இந்தத் தடவை அன்வர் தன்னைத் திட்டிக்கொள்ளவில்லை. கன்ட்ரோலரை மேசைமேல் வைத்தார்.

"மாவு பிசையோணும். வர்றனுங்க."

படியிறங்கிப் போய்விட்டார்.

பூங்கோதை திரும்பித் திரையைப் பார்க்கவே இல்லை.

"என்ன சார் பண்ணீங்க?"

"அதே கோடரி, அதே ரத்தம்தான் மேடம்..."

பூங்கோதையின் பார்வை மடிக்கணினிக்குப் போனது. வில்சன் மெல்ல மடிக்கணினியை மூடினார்.

"அப்ப, பூதத்தை எடுத்துடுவீங்களா?"

"பூதம் இருக்கட்டும் சார். அது பதினோரு தடவை கொன்னும் அவர் எந்திரிச்சுப் போகல. அடுத்த ஆள் விளையாடறப்ப நீங்க வெளிய இருங்க."