மூடியைத் திறந்து பார்த்தவர்

"கண்ணை மூடுனா போதும்மா, மனசு கிளம்பிடுது. வந்த நாள்லேருந்து இதே கதைதான். எனக்கெல்லாம் தியானம் ஆகாதோ?"

கேட்டவர் பூமிநாதன். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல், கடலோரத்தில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு வந்து சேர்ந்தவர். சரியாகத் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது. இங்கேயும் தூக்கம் வரவில்லை என்றால் வேறு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

உமையாள் அம்மா அவரைவிட வயதில் இளையவர். மடத்தில் எல்லோருக்கும் அவர்தான் குரு. ஆளைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எந்நேரமும் கத்தரிச் செடிகளுக்கு நடுவில்தான் இருப்பார்.

செடியிலிருந்து நிமிராமலே பதில் சொன்னார்.

"தொட்டி இனிமே உங்க பொறுப்புண்ணே."

இது என்ன பதில் என்று பூமிநாதனுக்குப் புரியவில்லை. குருவிடம் எதிர்த்துக் கேட்கவா முடியும்? சரி என்றார்.

அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர். மழைக்காலத்தில் மடத்துக் கூரையில் விழுகிற தண்ணீர்தான் முற்றத்துக்கு அடியில் இருந்த தொட்டியில் போய்ச் சேரும். கார்த்திகையில் தொட்டி நிறைந்தால், அடுத்த மழைக்காலம் வரை குடிக்க, சமைக்க, தோட்டத்துக்கு ஊற்ற எல்லாவற்றுக்கும் அதுதான். அடிபம்பில் அடித்து எடுத்துக்கொள்வார்கள்.

தொட்டிக்கு இரும்பு மூடி. மூடிமேல் கனமான சாக்கு. வெளிச்சம் படாதவரை தண்ணீர் கெடாது, திறக்க வேண்டாம் என்று உமையாள் அம்மா சொல்லியிருந்தார். பூமிநாதனும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

மறுநாளே திறந்துவிட்டார்.

தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தது. மூடினார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சந்தேகம் வந்தது. எங்காவது விரிசல் விட்டிருந்தால்?

தை பிறந்ததும் அதுவே வழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் தியானத்துக்குப் போன பிறகு மூடியை நகர்த்துவார். அடிவரை தெரிய வேண்டுமே, அதனால் வெயில் உச்சிக்கு வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே வானம் கிடக்கும். மேகம் ஒன்று ஒரு சுவரில் புறப்பட்டு, அவசரமே இல்லாமல் எதிர்ச்சுவருக்குள் போய் மறையும். சில சமயம் தான் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்றே அவருக்குத் தெரியாது. கொக்கு ஒன்று தண்ணீருக்கு அடியில் பறந்து போவதைக்கூட ஒருமுறை பார்த்தார். எவ்வளவு பார்த்தாலும் மனம் நிறையவில்லை.

பங்குனியில் சோற்றில் நாற்றம் வந்தது.

அடிபம்பில் அடித்தால் தண்ணீர் பச்சையாக விழுந்தது. துணியில் வடிகட்டி, காய்ச்சி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். மடத்தில் யாரும் யாரையும் திட்டக் கூடாது என்பதால், எல்லோரும் பூமிநாதனைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

அவமானம் தாங்காமல் உமையாள் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்றார்.

"எதுக்குண்ணே திறந்தீங்க?"

"தண்ணி இருக்கான்னு பாக்க."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் மறுநாளும் திறந்தீங்க?"

பூமிநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரியில ராவும் பகலும் அவ பக்கத்துலயேதான் இருந்தேம்மா. கண்ணைக்கூட எடுக்கல. ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்னு கீழ இறங்கினேன். அந்த நேரத்துல போயிட்டா. அதுலேருந்து எதை விட்டும் என்னால கண்ணை எடுக்க முடியல."

தேம்பித் தேம்பி அழுதார். உமையாள் அம்மா தடுக்கவில்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அழுது ஓய்ந்த பிறகு இருவரும் முற்றத்துக்குப் போனார்கள். தொட்டி அன்றும் திறந்துதான் கிடந்தது. அம்மா மூடியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை இவர் பிடித்தார். மேகத்தின் மேல் மூடி நகர்ந்தது. சாக்கை விரித்தார்கள்.

"இருட்டுல கிடந்தா பாசி செத்து அடியில படிஞ்சிடும்ணே."

"தெளிஞ்சிருச்சான்னு எப்பம்மா திறந்து பாக்கணும்?"

"தாகம் எடுக்கும்போது பம்பை அடிங்க."

பூமிநாதன் ஊருக்குப் போகவில்லை. சாக்கின் பக்கமாகக் கை போகும்போதெல்லாம் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். உள்ளே என்ன ஆகிறதோ என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் திறக்கவில்லை.

சித்திரையில் ஒரு மத்தியானம், கூடத்தில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார்.

கோடை மழை பிடித்துக்கொண்டது. கூரையில் காக்கை எச்சமும் தூசியும் இருக்கும் என்பதால், முதலில் விழுவதைத் தரையில் ஓடவிட்டு, பிறகுதான் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். அது பூமிநாதனின் வேலை. உமையாள் அம்மா அவரை எழுப்பவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தானே நனைந்து அதைச் செய்தார். முற்றத்துக்கு அடியில் தண்ணீர் இறங்கும் சத்தம் மடம் முழுக்கக் கேட்டது.

மழை ஓய்ந்து, மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தபோது பூமிநாதன் பாதிக் கண்ணைத் திறந்தார்.

"மழை பெஞ்சுதாம்மா?"

"பெஞ்சுதுண்ணே."

"தண்ணி தொட்டிக்குள்ள போயிருக்குமா?"

"போயிருக்கும்."

"சரி" என்று சொல்லிவிட்டு, பூமிநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.